சேவிஸ் ஃபைல் சுத்தம்தான், கொம்பிரஷன் எவ்வளவு?

வாசகர் கேள்வி: எனக்கு 31 வயது. சாவகச்சேரியில் இருக்கிறேன். கொழும்பில் ஒருவர் 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 விற்கிறார். ஆறு கியர் மனுவல், 86,000 கி.மீ. ஓடியது. 5000 கிலோமீற்றருக்கு ஒருதடவை ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருக்கிறார். பெயின்ற், சீற் எல்லாம் புதிதுபோல இருக்கின்றன. கனடாவில் உள்ள அண்ணா காசு தர ஒத்துக்கொண்டார். எங்கள் ஊர் மெக்கானிக் 'ரோட்டரி எஞ்சின் பக்கமே போகாதே' என்கிறார். விற்பவரோ 'இப்படிப் பராமரித்த வண்டி இலங்கையில் கிடையாது' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வாங்கினால் தினமும் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு ஓட்டிப் போகலாமா?

பதில்:

அன்பின் தம்பி,

இருவர் சொல்வதையும் ஒருபக்கம் வையுங்கள். இந்தக் காரை வாங்குவதா விடுவதா என்பதை ஆறு எண்கள் முடிவு செய்யும். ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள கொம்பிரஷன் (எஞ்சினுக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) ரெஸ்ரரில் வரும் எண்கள் அவை. அந்த றிப்போட் கையில் வரும்வரை ஒரு ரூபா அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இந்த எஞ்சினில் பிஸ்ரனும் இல்லை, வால்வும் இல்லை. முட்டை வடிவ வீட்டுக்குள் (ஹவுசிங்) முக்கோண ரோட்டர்கள் இரண்டு சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 654 சீசீ. இரண்டும் சேர்ந்து 1308. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனையிலும் ஓர் அபெக்ஸ் சீல், பக்கங்களில் சைட் சீல்கள், மூலைகளில் கோர்னர் சீல்கள். காற்றை அடைத்து வைப்பது இந்தச் சிறு உலோகத் துண்டுகள்தான். இவை தேய்ந்தால் கொம்பிரஷன் போய்விடும். வழமையான எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்ரன் போட்டுவிடலாம். யாழ்ப்பாணத்தில் அந்த வேலையை வடிவாகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். ரோட்டரியில் அது நடக்காது. உட்சுவரில் இருப்பது குரோம் பூச்சு. அது உரிந்துவிட்டால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும், அதற்கு ஓவர்சைஸ் என்று ஒன்று கிடையாது. உங்கள் மெக்கானிக்கின் பயத்துக்கு இதுதான் காரணம் என்றால் அது நியாயமான பயம்.

இனி அந்த எண்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், ஆகவே இரண்டு ரோட்டருக்கும் ஆறு அளவு. எஞ்சின் நிமிடத்துக்கு 250 தடவை சுற்றும்போது சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ இருக்க வேண்டும் என்பது மஸ்டாவின் அளவு. 6.9 கிலோ கடைசி எல்லை. ஒரே ரோட்டரின் மூன்று முகங்களுக்கிடையில் 1.5 கிலோவுக்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கிடையில் 1 கிலோவுக்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. என் கணக்கு இது: ஆறும் 7.5க்கு மேல் இருந்தால் தாராளமாக மேலே பேசலாம். 6.9க்கும் 7.5க்கும் நடுவில் நின்றால், இன்னும் கொஞ்சக் காலத்தில் எஞ்சின் பிரிக்க வேண்டி வரும் என்று வைத்துத்தான் விலை கேட்க வேண்டும். ஒரு முகமாவது 6.9க்குக் கீழே போனால், பெயின்ற் எவ்வளவு மினுங்கினாலும் எஞ்சின் இல்லாத கார் என்றே விலை போடுங்கள்.

சாதாரண கராஜில் உள்ள பிஸ்ரன் எஞ்சின் கேஜை வைத்து 'கொம்பிரஷன் நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் ஏற்காதீர்கள். அந்தக் கேஜில் ஒருவழி வால்வு இருக்கிறது; மூன்று முகங்களில் எது ஆகக் கூடியதோ அதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். ஒரு சீல் உடைந்திருந்தாலும் மற்ற இரண்டும் அதை மறைத்துவிடும். ரோட்டரி ரெஸ்ரர் மூன்றையும் தனித்தனியே எழுதும், எஞ்சின் எத்தனை சுற்றில் சுற்றியது என்பதையும் சேர்த்துக் காட்டும். அந்தச் சுற்றும் முக்கியம். பற்றரி பலமாக இருந்து 300 சுற்று சுற்றினால் அளவு கூடுதலாக வரும். ஆகவே 250க்குத் திருத்திய எண்ணைத்தான் கேட்க வேண்டும். கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் உயரத்துக்கான திருத்தம் தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கும்போது, பெற்றோலும் ஸ்பார்க்கும் வராமல் துண்டித்து, அக்ஸிலரேற்றரை முழுவதும் மிதித்தபடி ஐந்து முதல் பத்து செக்கன் சுற்ற வேண்டும். குளிர் எஞ்சினில் எடுத்த அளவு கணக்கில் சேராது.

ரெஸ்ரர் உள்ள கராஜுக்கு நேரம் எடுப்பதற்கு முன், செலவே இல்லாத ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, நீங்கள் போகும்போது எஞ்சின் குளிராக இருக்கும்படி கேளுங்கள். பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்னரே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். குளிர் ஸ்ரார்ட்டில் புகை வருகிறதா என்று பாருங்கள். பிறகு குறைந்தது 20 நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஸ்ரார்ட் செய்யுங்கள். நல்ல எஞ்சின் இரண்டு மூன்று செக்கனில் பிடிக்கும். ஐந்து செக்கனுக்கு மேல் இழுத்தால், அல்லது அக்ஸிலரேற்றரை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால், சீல்கள் தேய்ந்துவிட்டன என்று எடுங்கள். தேய்ந்த ரோட்டரி குளிரில் பிடிக்கும், சூட்டில் தான் காட்டிக்கொடுக்கும். 'பற்றரி கொஞ்சம் வீக்' என்ற சாக்குச் சொன்னால் வேறு பற்றரியில் இருந்து ஜம்ப் கொடுத்துப் பாருங்கள். 2004ஆம் ஆண்டுக் கார்களில் வந்த ஸ்ரார்ட்டர் மோட்டர் மெதுவாகச் சுற்றும் இனம்; பின்னர் மஸ்டா வேகமானதைப் போட்டது. அதனால் ஸ்ரார்ட்டரும் காரணமாக இருக்க இடமுண்டு. எது காரணம் என்பதைத் திரும்பவும் அந்த ஆறு எண்கள்தான் சொல்லும்.

இப்போது ஃபைலுக்கு வருவோம். ஒயில் மாற்றிய துண்டுகள் இருப்பது நல்லதுதான். ஆனால் நான் முதலில் தேடுவது ஒயில் வாங்கி ஊற்றிய துண்டுகளை. இந்த எஞ்சின் தன் சீல்களுக்கு எண்ணெய் பூச, சம்பில் (எஞ்சினின் அடித்தொட்டி) உள்ள ஒயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தெளித்து எரிக்கும். ஏறத்தாழ 2000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குறைவது இயல்பு. கடுமையாக ஓட்டினால் இன்னும் கூட. ஆகவே ஒவ்வொரு 5000 கிலோமீற்றருக்கும் நடுவில் இரண்டு லீற்றராவது ஊற்றியிருக்க வேண்டும். 'எங்கட கார் ஒயிலே குடிக்காது' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அது ஆபத்தான பேச்சு. ஒன்றில் அவர் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்ப்பதே இல்லை, அல்லது ஒயில் தெளிக்கும் மீற்றரிங் பம்ப் வேலை செய்வதில்லை. இரண்டாவது என்றால் சீல்கள் காய்ந்த சுவரில் உரசிக்கொண்டிருக்கின்றன. 2008இல் வந்த மொடலில் ரோட்டருக்கு மூன்று ஒயில் நொசில் வைத்தார்கள். நீங்கள் பார்க்கும் 2004 காரில் இரண்டுதான். பழைய மொடலில் ஒயில் விடயத்தில் கவனம் கூடுதலாக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பிளக்கும் கொயிலும். நான்கு பிளக்: கீழே இரண்டு லீடிங், மேலே இரண்டு ட்ரெயிலிங். இரண்டும் வேறு வேறு வகை; ஒன்றை மற்றதன் இடத்தில் போடக் கூடாது. நான்குக்கும் மின்சாரம் கொடுக்கத் தனித்தனிக் கொயில். 86,000 கி.மீ. ஓடிய காரில் கொயில் ஒருதடவையாவது மாறியிருக்க வேண்டும். பிளக் இரண்டு தடவை. ஃபைலில் இந்தத் துண்டுகள் இல்லையென்றால், எஞ்சினைக் கெடுக்கும் சங்கிலி தொடங்கிவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள். கொயில் பலவீனமானால் ஸ்பார்க் தவறும். எரியாத பெற்றோல், எக்ஸோஸ்ற் குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிக் கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே உள்ள தேன்கூட்டு அடைப்பு உருகி வழியை அடைக்கும். எக்ஸோஸ்ற் வெளியேற முடியாமல் சூடு திரும்பி எஞ்சினுக்குள்ளேயே நிற்கும். இந்தக் காரில் உள்ள ரெனெசிஸ் எஞ்சினில் எக்ஸோஸ்ற் வாசல் பக்கச்சுவரில் இருப்பதால் அந்தச் சூடும் கரியும் நேரே சைட் சீல்களின் மேல் விழுகின்றன. நான்கு கொயில் மாற்றாமல் விட்டதில் தொடங்கி எஞ்சின் பிரிப்பதில் முடியும். ஓட்டிப் பார்க்கும்போது மேல் சுற்றில் மூச்சுத் திணறுவதுபோல இழுவை செத்தால், அல்லது ஓடி நிறுத்தியதும் கியர் பொக்ஸ் சுரங்கப் பக்கம் அடுப்படி வெக்கை அடித்தால், கற்றலிக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலர் அதைக் கழற்றி வெறும் குழாய் போட்டிருப்பார்கள். சத்தம் நன்றாக இருக்கும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் நிற்காது.

ஆறு கியர் மனுவல் என்றால் அது ரைப் எஸ் என்ற வகை: 250 குதிரைவலு, 8500 சுற்றில். டாக்கோமீற்றரில் சிவப்புக் கோடு 9000இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். 210 குதிரைவலுக் காருக்கு ஐந்து கியர். ரைப் எஸ்ஸில் கூடுதல் காற்று வாசல்கள் உண்டு. அவற்றின் வால்வுகள் 3750 சுற்றளவிலும் 6250 சுற்றளவிலும் திறக்கும். வண்டியை எப்போதும் மெதுவாகவே ஓட்டியவர்களிடம் இவை கரி பிடித்து இறுகிவிடும். எஞ்சின் சூடானபிறகு 8000வரை ஒரே சீராக ஏறுகிறதா, அல்லது 6000க்கு மேல் சோர்ந்துபோகிறதா என்று கவனியுங்கள். 'வயதான ஐயா ஒருவர் மெதுவாக ஓட்டிய கார்' என்பது வேறெந்தக் காருக்கும் நற்சான்றிதழ். இதற்கு அல்ல.

குளிர்விப்பு யாழ்ப்பாணத்தில் உயிர்ப் பிரச்சினை. டாஷ்போர்டில் உள்ள சூட்டு முள்ளை நம்ப முடியாது. எஞ்சின் ஆபத்தான சூட்டை நெருங்கும்வரை அது நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது. காரின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றை வாங்கி, ஃபோனில் உண்மையான அளவைப் பாருங்கள். ஏசி போட்டு 15 நிமிடம் நின்ற இடத்தில் ஐடிலில் விடுங்கள். 85 முதல் 98 பாகைக்குள் ஏறி இறங்கினால் சரி. 105ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். ஹவுசிங்குகளுக்கு இடையில் உள்ள தண்ணீர் சீல்கள் அதற்கு மேல் தாங்காது. அந்தச் சீல் போனதற்கு அடையாளம்: எக்ஸ்பான்ஷன் ராங்கில் குமிழி, கூலன்ற் காரணமில்லாமல் குறைவது, காலையில் வெள்ளைப்புகை. ராங்க் பிளாஸ்ரிக், இருபது வருடம் பழையது என்றால் மூட்டில் வெடித்திருக்கும், மாற்றுங்கள். முன்பம்பரின் இரு மூலைக்குள்ளும் ஒயில் கூலர் இருக்கும். ரோச் அடித்து உள்ளே பாருங்கள். நம் செம்மண் தூசி அந்தச் செட்டைகளுக்குள் அடைந்தால் ஒயில் ஆறாது. கூலருக்குப் போகும் குழாய்களின் அழுத்து மூட்டில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது, இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஆர்எக்ஸ்-8, தகாட்டா நிறுவனத்தின் எயர்பேக்குக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் ஒன்று. அதிலுள்ள அமோனியம் நைத்திரேற் மருந்து வெக்கையிலும் ஈரப்பதனிலும் வருடக்கணக்கில் கிடந்தால் கெடும். விபத்தில் எயர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் ஓட்டுநர் மேல் பறக்கும். நம் காலநிலை அதற்கு மிக மோசமானது. எஸ்இ3பி என்று தொடங்கும் செசி நம்பரை மஸ்டாவின் யப்பானிய றிகோல் (திரும்ப அழைப்பு) தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எது மாற்றப்பட்டது, எது பாக்கி என்று காட்டும். யப்பானில் இருந்து பழைய காராக வந்ததென்றால் மாற்றாமலேயே வந்திருக்கக்கூடும். பாக்கி என்று காட்டினால், மாற்றும் வழி உறுதியாகும்வரை வாங்காதீர்கள். குடும்பத்தை ஏற்றப்போகும் கார் இது.

காரின் அடியில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முன் கீழ் போல்ஜொயின்ற் ஆட்டம், கிளச் பெடலை மிதிக்கும்போது கிறீச்சென்ற சத்தம் (பெடலின் வெல்டிங் வெடிப்பது இந்த மொடலில் வழக்கம்), எஞ்சின் மவுன்ற் கிழிந்த நடுக்கம், ரயர் பக்கத்தில் அச்சடித்த நான்கு இலக்கத் தேதி. இவை எல்லாம் செலவுக் கணக்கில் கழிக்கக்கூடியவை. காரை வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஆகாது.

தினமும் ஓடலாமா என்று கேட்டீர்கள். வீட்டில் இதுதான் ஒரே வாகனம் என்றால் ஓடலாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சீல் போனால் பாகம் யப்பானிலிருந்து வரும்வரை கார் வளவில் கிடக்கும். கூடவே ஒரு மோட்டார் சைக்கிளோ சிறிய காரோ இருந்தால் கதை வேறு. சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள தூரம் எஞ்சின் நன்றாகச் சூடாகப் போதுமானது, அது நல்லது. ரோட்டரிக்கு ஆகாதது சின்னச் சின்ன அசைவுதான். வளவுக்குள் நிற்கும் காரை ஸ்ரார்ட் செய்து பத்தடி நகர்த்தி உடனே நிறுத்தினால், அதிகமாக உள்ளே வந்த பெற்றோல் எரியாமல் தங்கிச் சீல்களைக் கழுவிவிடும்; அடுத்த தடவை எஞ்சின் பிடிக்காது. வீட்டில் யாருக்கும் அப்படி நகர்த்த அனுமதி கொடுக்காதீர்கள். ஒருமுறை ஸ்ரார்ட் செய்தால் முள் நடுவுக்கு வரும்வரை ஓடவிட வேண்டும். அப்படியும் எஞ்சின் பெற்றோலில் மூழ்கிவிட்டால், அக்ஸிலரேற்றரைத் தளம் முட்ட மிதித்துப் பிடித்தபடி பத்து செக்கன் கிராங் செய்யுங்கள். அந்த நிலையில் இன்ஜெக்ரர் பெற்றோல் விடாது. உள்ளே தேங்கியது வெளியேறும். ஸ்ரார்ட்டர் ஆற ஒரு நிமிடம் விட்டுத் திரும்பச் செய்யலாம்.

கரி படியாமல் இருக்க, சூடானபிறகு தினமும் ஒருதடவையாவது மேல் சுற்றுக்கு ஏற்ற வேண்டும். நம் வீதியில் எப்படி என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், தொழிற்சாலை அளவு 18 அங்குலச் சில்லுடன் முதல் கியரில் 7000 சுற்று என்பது ஏறத்தாழ மணிக்கு 50 கி.மீ. தான், இரண்டாம் கியரில் 70 கி.மீ. என்பது 5800 சுற்று. கண்டி வீதியில் ஆளில்லாத நேரான இடத்தில் முதல் கியரை 7000வரை இழுத்து மாற்றினால் மேலே சொன்ன காற்று வாசல் வால்வுகள் திறந்து மூடிவிடும். 70 என்ற வேக எல்லையையும் மீறவில்லை. ஆறாம் கியரில் 70இல் போனால் 2200 சுற்றுத்தான். அப்படியே ஊர்ந்துகொண்டிருந்தால் கரிதான் சேரும்.

பெற்றோல் 95 ஒக்ரேன் ஊற்றுங்கள். நகரத்துக்குள் லீற்றருக்கு ஆறு, ஏழு கி.மீ. கிடைக்கும் என்று வைத்துக் காசைக் கணக்கிடுங்கள். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 4 அல்லது 5 மி.லீ. வீதம், ஜாசோ எஃப்டி தரத்து நல்ல டூ-ஸ்ரோக் ஒயில் கலப்பதை நான் சிபாரிசு செய்கிறேன். 40 லீற்றர் அடித்தால் 200 மி.லீ. போதும். எஞ்சின் ஒயில் 5டபிள்யூ-30 தொழிற்சாலை சொன்னது. நம் வெக்கைக்கு 10டபிள்யூ-40ம் பொருந்தும். வடிகட்டி மாற்றும்போது மூன்றரை முதல் நான்கு லீற்றர் வரை பிடிக்கும். மீதி ஒயில் கூலருக்குள் நிற்பதால் முழுவதும் இறங்காது. இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒருதடவை டிப்ஸ்ரிக் பாருங்கள். மாரியில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும் நாட்களில் இந்தக் காரை வெளியில் எடுக்காதீர்கள்; அடி மிகத் தாழ்வு.

விலை பற்றி ஒன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து நாட்டுக்குள் இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு யானை விலை. 2025இல் திறந்தபின்னும் 2004 கார் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவர வயதெல்லை விடாது. அதனால் விற்பவர் இறங்க மறுப்பார், ஆனால் ரெஸ்ற் செய்ய மறுக்க அவருக்கு நியாயம் இல்லை. ரெஸ்ற் செலவை நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். அதன்பிறகும் மறுத்தால், எண்கள் என்னவென்று அவருக்கு ஏற்கனவே தெரியும். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக நிற்கிறதா என்று பாருங்கள். செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். எஞ்சின் மாற்றிய காரென்றால் அந்த மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளவர் கையெழுத்திட்ட திறந்த படிவங்களோடு மூன்றாவது ஆள் விற்கிறார் என்றால், புத்தகத்திலுள்ளவரை நேரில் காணாமல் காசு கொடுக்க வேண்டாம். அண்ணாவுக்கும் இதை விளக்கிச் சொல்லிவிடுங்கள். தூரத்தில் இருப்பவர்களிடம்தான் 'வேறொருவர் அட்வான்ஸ் தர வருகிறார்' என்று அவசரப்படுத்துவார்கள்.

எல்லாம் சரியாகி வாங்கினால், கொழும்பிலேயே நான்கு பிளக், நான்கு கொயில், ஒயில், ஃபில்டர், கூலன்ற் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். யாழ்ப்பாணம் வரை 400 கி.மீ. அளவு, ராங்க் 60 லீற்றர், மட்டாக ஓட்டினால் ஒரு நிரப்பலில் வந்துவிடும். ஆனாலும் வவுனியாவில் நிறுத்துங்கள். சமமான இடத்தில் ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்ரிக் பாருங்கள், எக்ஸ்பான்ஷன் ராங்கின் மட்டத்தை மூடி திறக்காமல் வெளியிலிருந்து பாருங்கள். கையில் இரண்டு லீற்றர் ஒயில் இருக்கட்டும். ரெஸ்ற் எடுத்ததும் அந்த ஆறு எண்களையும் சுற்று எண்ணிக்கையையும் எழுதி அனுப்புங்கள். என்ன விலைக்குப் பேசலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.